நெம்புகோல் எதைச் சொல்கிறது: வேகத்தையா, விசையையா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் அக்காள் மகன், கல்லூரி திறப்பதற்குக் காத்திருந்த விடுமுறையில் ரயில் சிமுலேட்டர் விளையாடத் தொடங்கினான். கடலூரிலிருந்து நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஜெர்மனியில், கொலோனிலிருந்து ஆகென் செல்லும் பாதையில், ஐ.சி.இ. விரைவு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டிக்கொண்டிருந்தான் என்று நான் எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். விசைப்பலகையில் கை படவே இல்லை. மடியில் அக்கா வைத்துவிட்டுப் போன அதிரசத் தட்டு இருந்தது. கேட்டதற்கு, "ஸ்பீட வெச்சிட்டா போதும் மாமா, மீதிய அதுவே பாத்துக்கும்" என்றான். வண்டியும் அப்படித்தான் போயிற்று. வேகம் கூட வேண்டிய இடத்தில் கூடியது, குறைய வேண்டிய இடத்தில் தானே பிரேக் போட்டுக் குறைந்தது. டூரன் நகரைக் கடந்த சற்று நேரத்தில் ஒரு மஞ்சள் சிக்னல் வந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். சில நொடிகள் கழித்து அபாய மணி அடித்தது, அவசர பிரேக் விழுந்தது, வண்டி வெட்டவெளியில் போய் நின்றது. விளையாட்டில் ஏதோ கோளாறு என்று அவன் முடிவு கட்டினான்.

கோளாறு எதுவும் இல்லை. ஒரே "ஆட்டோமேட்டிக்" என்று அவன் நினைத்தது உண்மையில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள். அவற்றுள் ஒன்று டூரனோடு முடிந்துபோயிற்று, மற்றொன்று மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக ரயில் சிமுலேட்டருக்கு வருகிறவர்கள் அனைவரும் இடறும் இடம் இது என்பதால், தானியங்கி வேகக் கட்டுப்பாடு என்றால் என்ன, கையால் ஓட்டுவது என்றால் என்ன, இரண்டில் எதை எப்போது கையில் எடுப்பது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

கையால் ஓட்டுவதிலிருந்து தொடங்குவதே நல்லது. காரோ ஸ்கூட்டரோ ஓட்டிப் பழகியவர்கள் ரயில் இன்ஜினின் நெம்புகோலை முதன்முதலாகத் தொடும்போது, அதை ஐந்தாம் நாட்சில் (கோல் நகரும் ஒவ்வொரு படிக்கும் நாட்சு என்று பெயர்) வைத்தால் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் போகும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி நடக்காது. நம் பழைய டீசல் இன்ஜின்களில் எட்டு நாட்சுகள் உண்டு, டபிள்யூ.ஏ.பி.-4 வகை மின்சார இன்ஜினில் முப்பத்திரண்டு. இவற்றில் எந்த நாட்சும் வேகத்தைக் குறிப்பதில்லை. எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பதை மட்டுமே அது இன்ஜினுக்குச் சொல்கிறது. அந்தப் பலத்துக்கு வண்டி 40 கிலோமீட்டரில் போகுமா 90இல் போகுமா என்பதைத் தீர்மானிப்பவை பின்னால் தொங்கும் எடை, பாதையின் ஏற்ற இறக்கம், காற்றின் எதிர்ப்பு ஆகியவை. சமதளத்தில் ஒரே நாட்சில் விட்டுவைத்தால் வேகம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய், இழுவிசையும் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் ஒருவழியாக நிலைகொள்ளும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம், அதற்குள் அந்தப் பாதையின் வேக வரம்பைத் தாண்டியும் விடலாம்.

தானியங்கி வேகக் கட்டுப்பாட்டில் இந்த உறவு தலைகீழாகிறது. அங்கே நெம்புகோல் வேகத்தைச் சொல்கிறது. 80 என்று வைத்தால், 80ஐ எட்டவும் அதில் நிற்கவும் எவ்வளவு விசை வேண்டும் என்பதை இன்ஜினே கணக்கிட்டுக்கொள்கிறது. கையால் ஓட்டும்போது நீங்கள் விசையைக் கொடுக்கிறீர்கள், வேகம் விளைவாக வருகிறது. தானியங்கியில் நீங்கள் விளைவைக் கேட்கிறீர்கள், விசையை அது பார்த்துக்கொள்கிறது. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் பாதிக் குழப்பங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

அந்தக் கணக்கு நடக்கும் விதம் நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வைப் போன்றது. நீர் மட்டம் இறங்கினால் மிதவை இறங்கி வால்வைத் திறக்கிறது. மட்டம் ஏறினால் மூடுகிறது. யாரும் அருகில் நின்று பார்க்க வேண்டியதில்லை. வேண்டிய அளவு, இருக்கும் அளவு, இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அந்த இடைவெளிக்கு ஏற்ற திருத்தம்: இவ்வளவுதான் விஷயம். 1788இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினில் பொருத்திய, இரு குண்டுகள் சுழலும் கவர்னர் செய்ததும் இதே வேலைதான். சிமுலேட்டரில் வேகத்தை 80 என்று வைத்துவிட்டு அம்மீட்டரை மட்டும் கவனித்துப் பாருங்கள். 78இல் மின்னோட்டம் மெல்லக் குறையத் தொடங்கும், 80ஐத் தொட்டதும் ஏறத்தாழ அடங்கும், ஒரு சிறு இறக்கம் வந்தால் முள் மறுபக்கம் சாய்ந்து மின் பிரேக் வேலை செய்வதைக் காட்டும். மிதவை ஏறி இறங்குவதை அப்படியே கண்ணால் பார்க்கலாம்.

இது விளையாட்டுக்காரர்கள் சௌகரியத்துக்காகக் கண்டுபிடித்த குறுக்குவழி என்று சிலர் ஏளனமாகப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஜெர்மனியில் 1960களிலேயே, 200 கிலோமீட்டர் வேகத்துக்காக வடிவமைத்த இன்ஜின்களில் ஏ.எஃப்.பி. என்ற தானியங்கி ஓட்ட, பிரேக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நம்மூரிலும் டபிள்யூ.ஏ.பி.-7, டபிள்யூ.ஏ.ஜி.-9 போன்ற மூன்று கட்ட மின்சார இன்ஜின்களின் ஓட்டுநர் மேசையில் பி.பி.சி.எஸ். என்று குறிக்கப்பட்ட பொத்தான் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் அதை அழுத்தினால் இன்ஜின் அந்த வேகத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. லோகோ பைலட் நெம்புகோலை அசைத்த மாத்திரத்தில் பிடி விட்டுப்போகிறது. ஆகவே இந்திய மின்சார இன்ஜினைச் சிமுலேட்டரில் ஓட்டும் ஒருவர், "நான் அசல் முறையில் ஓட்டுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு நீண்ட சமதளத்தில் மூன்று நொடிக்கு ஒருமுறை விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தால், அவர் அசலைவிடக் கூடுதலாகவே பாடுபடுகிறார் என்றுதான் பொருள்.

விளையாட்டுகளில் "ஆட்டோ" என்ற ஒரே சொல் பல வேறு ஏற்பாடுகளுக்கு வழங்குவதுதான் அடுத்த சிக்கல். இன்ஜினில் உண்மையாகவே இருக்கும் வேகப்பிடிப்பை இதுவரை பார்த்தோம். விளையாட்டு தன் தரப்பில் செய்துதரும் எளிமை அதிலிருந்து வேறானது. டிரெயின்ஸ் விளையாட்டில் டி.சி.சி. என்றொரு முறை உண்டு. மேசைமேல் ஓடும் பொம்மை ரயிலைத் திருகியால் இயக்குவது போல, ஒரு வட்டத் திருகியைத் திருப்பினால் வண்டி அந்த அளவுக்கு ஓடும். காற்றழுத்தம், நாட்சு எதுவும் குறுக்கே வராது. அதே விளையாட்டில் கேப், அதாவது ஓட்டுநர் அறை, முறைக்கு மாறினால் எல்லாம் வந்துவிடும். டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கில் எளிய கட்டுப்பாடு, தேர்ந்த கட்டுப்பாடு என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். எளியதில் இழுவையும் பிரேக்கும் ஒரே கோலில் அடங்கிவிடுகின்றன. ஓப்பன் ரெயில்ஸ் போன்றவற்றில் உள்ள ஆட்டோபைலட் இவை இரண்டிலும் சேராது. அங்கே கணினி உங்களை எழுப்பிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் தானே அமர்ந்துகொள்கிறது, சிக்னல் பார்த்து நிற்பதும் கிளம்புவதும் அதன் பொறுப்பு. காட்சி பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல வசதி. ஓட்டப் பழகுவதற்கு அதனால் பயன் இல்லை.

உண்மை உலகத்திலும் தானாக ஓடும் வண்டிகள் உண்டு. லண்டன் விக்டோரியா பாதை 1968இல் திறந்தபோதே, ஓட்டுநர் கதவை மூடி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் போதும், அடுத்த நிலையத்தில் நிற்பதுவரை வண்டியே பார்த்துக்கொள்ளும். பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் பாதை 1998 முதல் ஓட்டுநரே இல்லாமல் ஓடுகிறது. புதுச்சேரியில் பாரிசுக்கு உறவு வைத்திருக்கும் குடும்பங்களில் அதில் முன் கண்ணாடியோரம் நின்று படமெடுத்து அனுப்பாதவர் குறைவு. தில்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பரில் இது தொடங்கியது. இவையெல்லாம் வேகத்தைப் பிடிப்பதோடு நில்லாமல் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அறிந்தவை. சாதாரண வேகப்பிடிப்புக்கு அந்த அறிவு கிடையாது.

பாதுகாப்பு ஏற்பாடு என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்பது. நம் கவச், ஜெர்மனியின் பி.இசட்.பி. ஆகியவை வண்டியை ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவரைக் கண்காணிக்கின்றன, அவர் தவறினால் பிரேக் போடுகின்றன. அவ்வளவே.

இப்போது டூரனுக்குத் திரும்பினால், என் மருமகனுக்கு நடந்தது விளங்கும். கொலோனிலிருந்து டூரன் வரையிலான அதிவேகப் பகுதியில் எல்.இசட்.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. தண்டவாளங்களுக்கு இடையே போட்ட கம்பிவடம் வழியாக, இன்னும் எவ்வளவு தொலைவில் எந்த வேகத்துக்கு வர வேண்டும் என்ற செய்தி இன்ஜினுக்குத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஏ.எஃப்.பி. அந்தச் செய்தியைக் கேட்டு நடக்கும். அதனால்தான் முன்கூட்டியே தானாகக் குறைந்து, தானாகக் கூடியது. டூரனோடு எல்.இசட்.பி. முடிந்துவிடுகிறது; முடிவதற்கு முன் விளக்கு எரிந்து ஒப்புதல் கேட்கிறது, அவனும் எதற்கென்று தெரியாமலேயே ஒரு விசையை அழுத்தித் தள்ளியிருக்கிறான். அதன்பின் ஏ.எஃப்.பி.க்குத் தெரிந்ததெல்லாம் அவன் வைத்திருந்த 160 என்ற எண் மட்டுமே. மஞ்சள் சிக்னலைக் கடந்தால் ஓட்டுநர் நான்கு நொடிக்குள் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது பி.இசட்.பி.யின் விதி; பயணி வண்டியாக இருந்தால் 23 நொடிக்குள் வேகத்தை 85க்குக் கீழே கொண்டுவரவும் வேண்டும். அழுத்தவில்லை, பி.இசட்.பி. அவசர பிரேக்கைப் போட்டது. ஏ.எஃப்.பி. கடைசி நொடிவரை 160ஐ மிகவும் விசுவாசமாகப் பிடித்துவைத்திருந்தது.

வேகப்பிடிப்புக்கு நிகழ்காலம் மட்டுமே தெரியும் என்று சொல்லலாம். ரயில் ஓட்டுவதோ பெரும்பாலும் இன்னும் வராத இடத்தைப் பற்றிய வேலை. ஏன் என்பதைப் பிரேக் தூரத்தின் கணக்கைப் பார்த்தால் உணரலாம். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் வீதம் குறையும்படி ஒரு பயணி வண்டி பிரேக் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும்போது அது நிற்க ஏறத்தாழ 193 மீட்டர் வேண்டும். 100 கிலோமீட்டரில் வரும்போது 386 அல்ல, 772 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிறது. முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் பொருள் கணினித் திரையில் ஒரு புள்ளிகூட அல்ல. அதனால்தான் நம் பாதைகளில் நிலையத்தின் நுழைவில் நிற்கும் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டராவது முன்னால் டிஸ்டன்ட் சிக்னலை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஹோம் எப்படி இருக்கிறது என்பதை அது ஓட்டுநருக்கு முன்னதாகச் சொல்லிவிடுகிறது.

இதோடு காற்று பிரேக்கின் தாமதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வண்டிகளில் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் எப்போதும் நிறைந்திருக்கும். அழுத்தத்தைக் குறைத்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்துபோனாலும் வண்டி தானே நின்றுவிட வேண்டும் என்பதற்காக இப்படித் தலைகீழாக அமைத்திருக்கிறார்கள். நீங்கள் கோலை நகர்த்தியதும் இன்ஜினருகே குறையும் அழுத்தம் பெட்டி பெட்டியாகப் பின்னோக்கிப் பரவ வேண்டும், ஒவ்வொரு பெட்டியின் சிலிண்டரும் நிறைய வேண்டும், பிறகே வேகம் குறையத் தொடங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு நான்கு நொடி போனால்கூட, அதற்குள் வண்டி 67 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று பெட்டி நீளம் ஓடிவிடும். புதியவர்கள் செய்யும் தவறு இங்கேதான் நடக்கிறது. கோலைச் சற்று நகர்த்துகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் நகர்த்துகிறார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து பிடிக்கும்போது வண்டி நடைமேடைக்கு முன்பே நின்றுவிடுகிறது. முதலில் அரை கிலோ அழுத்தம் குறைத்து, எண்ணி ஐந்து நொடி பொறுத்து, வேகமானி முள் என்ன செய்கிறது என்று பார்த்த பிறகே அடுத்ததை முடிவு செய்ய வேண்டும். அந்த ஐந்து நொடிப் பொறுமை கைவந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

பிரேக்கை விடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியப் பயணிப் பெட்டிகளில் பிடித்த பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த முடியும். நிற்கப்போகும் தறுவாயில் பாதி தளர்த்திவிட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாயாமல் வண்டி நிற்கும். அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் அந்த வசதி கிடையாது. தளர்த்தினால் முழுவதும் தளர்ந்துவிடும், பின்பெட்டிகளின் காற்றுத் தொட்டிகள் மீண்டும் நிறைய நேரம் பிடிக்கும். இறக்கத்தில் பிடித்துப் பிடித்து விட்டால் கடைசியில் பிடிக்கக் காற்றே இருக்காது. இதே போல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த முடிகிற ஐரோப்பிய வண்டியில் பழகிவிட்டு அமெரிக்கப் பாதைக்குப் போகிறவர்கள் முதல் மலையிறக்கத்தில் கவிழ்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

தானியங்கி தடுமாறும் இன்னோர் இடம் வேகத் தடை முடியும் இடம். பாலத்தின்மேல் 30 கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கிறது. பாலம் முடிந்ததும் நெம்புகோலை 100க்குத் தள்ளத் தோன்றும். பாலத்தைக் கடந்தது இன்ஜின் மட்டும்தான். நம் விரைவு வண்டிகளில் வரும் எல்.எச்.பி. வகைப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர் நீளம். 22 பெட்டிகளும் இன்ஜினும் சேர்ந்தால் சுமார் 550 மீட்டர். 30 கிலோமீட்டர் வேகத்தில் வாலும் பாலத்தை விட்டு இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வேகப்பிடிப்புக்குத் தன் பின்னால் எவ்வளவு நீளம் வருகிறது என்பது தெரியாது. 100 என்றதும் கிளம்பிவிடும். நம் ரயில்வேயில் இதற்கென்றே, வரம்பு முடியும் இடத்திலிருந்து நீண்ட வண்டியின் நீளத்துக்கு அப்பால் ஒரு பலகை வைக்கிறார்கள். பயணி வண்டிக்கு டி/பி, சரக்கு வண்டிக்கு டி/ஜி. அந்தப் பலகையை இன்ஜின் தொட்டால் வால் வெளியே வந்துவிட்டது என்று பொருள். விளையாட்டில் பலகை இல்லாத பாதைகளில் நீங்களேதான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஏற்ற இறக்கங்களில் அது செய்யும் வேலை தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் அழகாக இருக்காது. விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வழியாக வரும் நம் சமதளப் பாதையில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 டன் வண்டியை அதில் ஏற்ற, மற்ற எதிர்ப்புகள் நீங்கலாக, சுமார் 10 டன் இழுவிசை கூடுதலாக வேண்டும். வேகப்பிடிப்பு உச்சிவரை முழுப் பலத்தையும் கொடுத்து 80ஐக் காக்கும். உச்சியைத் தாண்டியதும் அந்த 80ஐக் காப்பதற்காகவே பிரேக்கைப் பிடிக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் உச்சிக்குச் சற்று முன்பே இழுவையை விட்டுவிடுவார். வேகம் 72க்கு இறங்கட்டும் என்று பொறுத்துக்கொள்வார். மறுபக்க இறக்கமே அதை மீட்டுத் தரும். செலவழித்த மின்சாரமும் குறைவு, பிரேக் கட்டையும் தேய்வதில்லை. உச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரால் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

நீண்ட சரக்கு வண்டிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு கேட்டில் சைக்கிளோடு காத்து நின்ற காலத்தில், சரக்கு வண்டி கிளம்பும்போது முன்னிருந்து பின்னாக "டக் டக் டக்" என்று ஒலி ஓடுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இணைப்புகளில் இருக்கும் தளர்ச்சி ஒவ்வொன்றாக இறுகும் ஒலி அது. இழுவையும் பிரேக்கும் சட்டென்று மாறினால் அந்தத் தளர்ச்சி ஓடிப்போய் இணைப்பையே அறுத்துவிடக்கூடும். கண்டிப்பான விளையாட்டுகளில் அறுந்தும் விடுகிறது. மழையில் சக்கரம் வழுக்கும்போது மணலைத் தூவி இழுவையைக் குறைத்துப் பிடிப்பதும் கைவேலைதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், தொடக்கத்திலேயே தானியங்கியை அறவே விட்டுவிடுமாறு நான் யாருக்கும் சொல்வதில்லை. முதல் நாளில் சிக்னல், வேக வரம்பு, நேர அட்டவணை, காற்றழுத்தம், நாட்சு என்று எல்லாவற்றையும் தலையில் சுமத்தினால் மூன்றாம் நாள் விளையாட்டைக் கணினியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வேகத்தைத் தானியங்கியிடம் விட்டுவிட்டு சிக்னல்களை வாசிக்கப் பழகுவது நல்ல தொடக்கம். பச்சை, இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு ஆகியவை எந்த வரிசையில் வருகின்றன, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது கண்ணுக்குப் பழகட்டும். ஆனால் நிறுத்துவதை மட்டும் முதல் நாளிலிருந்தே கையால் செய்ய வேண்டும். நிறுத்துவதைத் தானியங்கியிடம் பழக்கிவிட்டவர்கள் பிறகு அதை மீட்டுக்கொள்வது கடினம் என்பது நான் பலரிடம் பார்த்த உண்மை; நானும் அவர்களில் ஒருவன்.

அதற்கு ஒரு பயிற்சி உண்டு. அட்டவணை எதுவும் இல்லாத தனி ஓட்டத்தில், சமதளமான பாதையில், 60 கிலோமீட்டருக்கு வந்ததும் வேகப்பிடிப்பை விடுவித்து, இழுவையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிரேக்கும் போடாமல் வெறுமனே ஓடவிடுங்கள். 60 என்பது 50 ஆக எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் திகைப்பீர்கள். இரும்பின்மேல் இரும்பு உருளும்போது உராய்வு அவ்வளவு சொற்பம். மீண்டும் 60க்கு வந்து, இம்முறை ஒரு கிலோமீட்டர் கல்லருகே அரை கிலோ அழுத்தம் மட்டும் குறைத்து, எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு கிலோ. பிறகு அதே சோதனையை 100 கிலோமீட்டரில். ஒரே மாலையில் இந்த நான்கைந்து ஓட்டங்களையும் ஒரு காகிதத்தில் எழுதிவைத்தால், அந்த வண்டிக்கான பிரேக் அட்டவணை உங்கள் கையில் இருக்கும். வண்டி மாறினால் அட்டவணையும் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

தானியங்கி இருக்கும்போது கவனம் கலைவது இயல்பு என்பதை ரயில்வேகளும் அறிந்தே வைத்திருக்கின்றன. நம் இன்ஜின்களில் உள்ள விழிப்புக் கருவி, ஓட்டுநர் 60 நொடி எதையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கை எரியவிடும், எட்டு நொடி கழித்து ஒலி எழுப்பும், இன்னும் எட்டு நொடி பொறுத்துப் பிரேக்கைப் போட்டுவிடும். சிமுலேட்டரில் இதை அணைத்துவைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. வேகப்பிடிப்போடு ஓட்டுகிறவர்கள் இதை அணைக்காமல் இருப்பதே நல்லது. அதிரசத் தட்டு மடியில் இருக்கும்போது இன்னும் நல்லது.

சென்ற வாரம் மறுபடி லாஸ்பேட்டைக்குப் போயிருந்தேன். அதே பாதை, அதே வண்டி. டூரனுக்கு முன்பே விளக்கு எரிந்தது. இம்முறை அது எதற்கென்று தெரிந்தே ஒப்புதல் கொடுத்தான். பிறகு 160ஐ ஏ.எஃப்.பி. பிடித்துக்கொண்டிருக்க, அவன் கண் பாதையில் இருந்தது. மஞ்சள் வந்ததும் ஒப்புதலை அழுத்தி, ஏ.எஃப்.பி.யை விடுவித்து, பிரேக்கைச் சற்றே பிடித்து உதட்டுக்குள் ஐந்து எண்ணினான். வண்டி சிவப்புக்கு நன்றாக முன்னாலேயே தவழத் தொடங்கி, பச்சை விழுந்ததும் மீண்டும் கிளம்பியது. ஆகென் நிலையத்தில் நிறுத்தக் குறியைத் தாண்டிப் பன்னிரண்டு மீட்டர் தள்ளித்தான் நின்றது. எல்லாக் கதவுகளும் நடைமேடைக்குள் இருந்தன, திறந்துவிட்டான்.